அதிகாலை குடோன் ஷிப்ட், மாலையில் இன்னொரு வேலை: நீலகிரியில் சட்டம் சொல்வதும் உடம்பு சொல்வதும்

2025 நவம்பர் 21 அன்று, பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய நான்கு சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. அதிலிருந்து குன்னூர், உதகை, கோத்தகிரி பக்கம் ஒரு குழப்பம் சுற்றி வருகிறது. காலையில் குடோன், சாயங்காலம் லாட்ஜ் அல்லது டெலிவரி என்று இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கினால் இனி அது குற்றமா? பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் தெரிந்துவிட்டால் இரண்டு வேலையும் போய்விடுமா? வாட்ஸ்அப்பில் வரும் பதில்களில் பாதி பயமுறுத்துகின்றன, மீதி ‘ஒண்ணும் ஆகாது’ என்கின்றன. இரண்டுமே முழு உண்மை இல்லை.

இரண்டு வேலை பார்ப்பதைச் சட்டம் பெரும்பாலான இடங்களில் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு வேலையின் மணிகளைக் கூட்டிப் பார்த்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஏற்பாடும் கிட்டத்தட்ட எங்கேயும் இல்லை. அந்தக் கூட்டலைத் தொழிலாளியே போட வேண்டியிருக்கிறது. கூட்டும்போது மணிக்கு எத்தனை ரூபாய் என்பதைவிட, மாலை வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்பதுதான் முக்கியம்.

மலையில் வேலை ஏன் விடியும் முன் தொடங்குகிறது

இங்கே குடோன் என்றால் மூன்று வகை. மூன்றுக்கும் அதிகாலையில் தொடங்க வெவ்வேறு காரணங்கள்.

1. காய்கறி. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்குகின்றன. அங்கே காலையில் விற்பனைக்கு நிற்க வேண்டுமானால் மலையில் அறுவடை, கழுவுதல், மூட்டை பிடித்தல், லோடு ஏற்றுதல் எல்லாம் இருட்டிலேயே நடக்க வேண்டும். கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் இடங்களில் இதைப் பார்க்கலாம். மண்ணோடு வரும் கேரட் சுழலும் உருளைக்குள் தண்ணீரோடு புரண்டு, ஆரஞ்சு நிறம் தெளிந்து வெளியே விழும். கீழே நிற்பவர்கள் நனைந்த கையோடு தரம் பிரித்து மூட்டை கட்டுவார்கள். டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படர்ந்திருக்கும் நேரத்திலும் வேலை அதேதான்.

2. தேயிலை. குன்னூர் ஏல மையத்தில் விற்பனை வாராவாரம் நடக்கிறது. தொழிற்சாலைகளிலிருந்து வரும் காகித மூட்டைகளை இறக்கி, மார்க், கிரேடு, இன்வாய்ஸ் எண் பார்த்து அடுக்கி, ஏலம் முடிந்ததும் வாங்கியவரின் லாரிக்கு ஏற்றும் வேலை கிடங்குகளில் நடக்கிறது. காய்கறி அளவுக்கு இருட்டில் தொடங்குவதில்லை. ஆனாலும் ஏலத்தை ஒட்டிய நாட்களில் பளு கூடும்.

3. பார்சல். இணையத்தில் ஆர்டர் செய்த பொருள்கள் இரவோடு இரவாகக் கோவையிலிருந்து மலை ஏறுகின்றன. வண்டி வந்ததும் பைகளின் சீலை வெட்டி, ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்து, ரூட் வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். டெலிவரி பையன்கள் வருவதற்குள் இது முடிந்தாக வேண்டும் என்பதால் ஷிப்ட் நாலு, அஞ்சு மணிக்கே தொடங்கும்.

கூடலூர் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. பந்திப்பூர் காட்டின் வழியே இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை 2009 முதல் இருப்பதால், மைசூரு பக்கமிருந்து வரும் சரக்கு விடிந்த பிறகே வந்து சேரும்.

வேலை நடுப்பகலிலோ இரண்டு மணிக்கோ முடிந்துவிடுகிறது. பசுந்தேயிலை விலை இறங்கிக் கிடக்கும் மாதங்களில், பள்ளிக் கட்டணம் வரும் மாதங்களில், மீதி நேரத்தை இன்னொரு வேலைக்குக் கொடுப்பது யாருக்கும் தோன்றுவதுதான். சீசன் நேரத்தில் லாட்ஜ், காட்டேஜ், ஹோட்டல், டாக்சி எல்லா இடத்திலும் ஆள் தேவை.

முதல் கேள்வி: உங்கள் குடோன் சட்டப்படி தொழிற்சாலையா?

இரண்டு வேலைக்கான நேரடித் தடை தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் உரியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, ஒரு தொழிற்சாலையில் அன்று வேலை பார்த்துவிட்டவரை அதே நாளில் வேறொரு தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. நான்கு தொகுப்புகளில் ஒன்றான புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தத் தடை தொடர்கிறது. தடை எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும்: தொழிற்சாலையும் தொழிற்சாலையும். காலையில் தொழிற்சாலை, மாலையில் லாட்ஜ் என்றால் இந்தப் பிரிவுக்குள் வராது.

அப்படியானால் குடோன் எதில் சேரும்? பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1. சரக்கை வைத்து எடுப்பது மட்டுமே நடக்கிறது என்றால், அது ஒரு கடை அல்லது வியாபாரத்தின் பகுதி. 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ‘கடை’ என்பதற்குள்ளேயே அந்த வியாபாரத்துக்கான கிடங்குகளையும் சேர்த்திருக்கிறது. இது மாநிலச் சட்டம். நான்கு தொகுப்புகள் வந்ததால் இது காணாமல் போய்விடவில்லை.

2. கழுவுவது, சுத்தம் செய்வது, பேக்கிங் செய்வது ஆகியவை விற்பனைக்காக நடந்தால் அது ‘உற்பத்திச் செயல்முறை’ என்ற சட்ட விளக்கத்துக்குள் வரக்கூடும். குளிர்பதனக் கிடங்கும் அப்படியே. பழைய சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் என்பது எல்லை. புதிய தொகுப்பு அதை 20 பேர், 40 பேர் என்று உயர்த்திவிட்டது.

3. ஆகவே காலையில் பெரிய பேக்கிங் குடோன், மாலையில் தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் என்று போகிறவர்தான் உண்மையிலேயே இந்தத் தடையில் மாட்டக்கூடியவர். மலையில் இந்தச் சேர்க்கை அபூர்வம் இல்லை. இலை குவியும் மாதங்களில் தொழிற்சாலைகள் ராத்திரியிலும் ஓடும், ஆள் கேட்டு ஆள் வரும்.

சொந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பது, வீட்டில் தையல், டியூஷன், சொந்தக் கடை இவை எதுவும் இந்தத் தடைக்குள் வராது. அங்கே முதலாளி என்று இன்னொருவர் இல்லை.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய தொகுப்பின்படி காலை 6 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ பெண்களை வேலைக்கு வைக்க அவர்களுடைய சம்மதம் வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும். 5 மணி ஷிப்ட் இதற்குள் வருகிறது. கரடியும் காட்டெருமையும் நடமாடும் தேயிலைத் தோட்டப் பாதையில் நாலரை மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து வந்து பஸ் பிடிக்க வேண்டும் என்றால், அந்தச் சம்மதத்துக்கு முன்னால் ‘வண்டி வருமா?’ என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

யாரும் கூட்டாத மணிகள்

கடைகள் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. ஓவர்டைம் சேர்த்தால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே ஒரு மணி ஓய்வு தர வேண்டும். வேலையும் ஓய்வும் சேர்ந்து 12 மணிக்குள் முடிய வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு முதலாளியும் தன் இடத்துப் பதிவேட்டுக்கு மட்டும் பதில் சொல்கிறார். குடோனில் 8, லாட்ஜில் 6 என்றால் இரண்டு பதிவேடும் சுத்தமாக இருக்கும். 14 மணி என்பது எந்தத் தாளிலும் வராது. ஓவர்டைமுக்கு உரிய இரட்டைச் சம்பளமும் வராது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் தமிழக சட்டப்பேரவையில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். ஒரே இடத்தில் 12 மணி நேரம் கூடாது என்று தொழிற்சங்கங்கள் சரியாகவே போராடின. இரண்டு இடத்தில் 14 மணி நேரம் உழைப்பவருக்காகப் பேச யாரும் வரவில்லை. அவர் எந்தச் சங்கத்தின் கணக்கிலும் முழுதாக இல்லை.

வார விடுமுறையும் இப்படித்தான். குடோனில் ஞாயிறு லீவு, லாட்ஜில் புதன் லீவு என்றால் சட்டப்படி இரண்டு லீவு. உடம்புக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வேலைக்குச் சேரும்போதே, முதல் வேலையின் லீவு நாள் அன்றே அங்கேயும் லீவு வேண்டும் என்று பேசிவிடுவது சம்பளம் பேசுவதற்குச் சமமான விஷயம்.

நியமனக் கடிதம், பி.எஃப்., இ.எஸ்.ஐ.

சட்டம் தடுக்காததை ஒப்பந்தம் தடுக்கலாம். புதிய தொகுப்பு நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கடிதம் கையில் வந்தால் சம்பளத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. ‘நிர்வாகத்தின் அனுமதியின்றி வேறு வேலை பார்க்கக் கூடாது’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மீறுவது போலீஸ் வழக்கு ஆகாது. ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக்கு, வேலை நீக்கத்துக்குக்கூட, காரணமாகலாம். வாய்மொழியாக சூப்பர்வைசர் ‘பாத்துக்கலாம்’ என்று சொன்னது அவர் மாற்றலாகிப் போகும் வரைதான் செல்லும். ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பி.எஃப். விஷயத்தில் பயமும் அறியாமையும் கலந்திருக்கிறது.

1. ஒருவருக்கு ஒரே யு.ஏ.என். எண்தான் (எந்த இடத்தில் வேலை பார்த்தாலும் மாறாத பி.எஃப். எண்). இரண்டு இடத்தில் பிடித்தம் நடந்தால் இரண்டும் அதன்கீழ் தனித்தனி உறுப்பினர் கணக்காகத் தெரியும். அதனால் ஒரே காலத்தில் இரண்டு வேலை இருந்தது பின்னால் யாராவது பார்த்தால் தெரிந்துவிடும். அதுவே குற்றம் ஆகாது.

2. ‘தெரியக் கூடாது’ என்பதற்காக இரண்டாவது இடத்தில் புது எண் எடுப்பதுதான் தவறு. ஆதாரோடு இணைந்திருப்பதால் அது பின்னால் சிக்கும். பணம் எடுக்கும்போது அலைச்சல் உங்களுக்குத்தான்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இன்னும் கவனம் வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். குடோனில் மூட்டை தூக்கி முதுகு பிடித்து, இ.எஸ்.ஐ. சான்றிதழ் வாங்கி உதவித்தொகை பெறும் நாளில், ‘உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே’ என்று மாலையில் லாட்ஜ் கவுண்டருக்குப் போனால் அந்த நாளுக்கான உதவி தவறான கோரிக்கையாகிவிடும்.

அப்புறம், பலரும் யோசிக்காத ஒரு ஓட்டை. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலோ, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தை வேலை சார்ந்த விபத்தாக ஏற்க 2010 முதல் சட்டத்தில் வழி இருக்கிறது. அதன் சொற்கள் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணம் என்றுதான் இருக்கின்றன. குடோனிலிருந்து நேராக இரண்டாவது வேலைக்குப் போகும் வழியில் வண்டி சறுக்கினால்? அது எந்த முதலாளியின் பொறுப்பு என்பதில் வாதம் கிளம்பும். குடோன் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டு, பிறகு கிளம்புகிறவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அப்படி வருவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது.

தூக்கக் கணக்கு

அதிகாலை ஷிப்ட்டில் ‘சீக்கிரம் படுத்தால் சரியாகிவிடும்’ என்பது எல்லோரும் சொல்வது. உடம்பு அப்படி எளிதில் ஒத்துழைக்காது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடம்புக் கடிகாரம் நம்மை விழிப்பாகவே வைத்திருக்கும். பத்து மணிக்குத் தூங்கிப் பழகியவர் ஏழரைக்குப் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழும் நேரத்தை அலாரம் வைத்து முன்னால் இழுத்துவிடலாம், தூங்கும் நேரத்தை அப்படி இழுக்க முடியாது. அதனால் அதிகாலை ஷிப்ட்காரர் இரண்டாவது வேலையே இல்லாமலும் தூக்கத்தில் கொஞ்சம் இழக்கிறார். மூன்று முதல் ஐந்து மணிக்குள் உடல் வெப்பம் மிகக் குறையும் நேரம். அப்போதுதான் அவர் எழுந்து கிளம்புகிறார்.

பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. இதை வைத்து ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். ஷிப்ட் காலை 5 முதல் மதியம் 2 வரை, நடுவே ஒரு மணி ஓய்வு. வீடு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி.

1. எழுவது 3:30. வீடு திரும்புவது சுமார் 3:00.

2. ஏழு மணி நேரம் தூங்க வேண்டுமானால் இரவு 8:30-க்குத் தூங்கியிருக்க வேண்டும். சாப்பாடு, குளியல் போக, இரண்டாவது வேலையிலிருந்து ஏழரைக்காவது வீடு வந்தாக வேண்டும். 4 முதல் 7 வரை என்று மூன்று மணி நேர வேலைதான் இதில் பொருந்தும்.

3. அதே ஆள் 4 முதல் 10 வரை லாட்ஜ் வரவேற்பில் நின்றால், தூங்கும்போது 11 ஆகும். தூக்கம் நாலரை மணி நேரம்.

4. மதியம் வீட்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு 5 முதல் 8 வரை வேலை பார்த்து, 9:30-க்குத் தூங்கினால் இரவு ஆறு, மதியம் ஒன்றரை. மொத்தம் ஏழரை. தொடர் தூக்கத்துக்கு முழு ஈடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வேலை தவிர்க்க முடியாதவருக்கு இதுதான் தாக்குப்பிடிக்கக்கூடிய ஏற்பாடு. தூங்கி எழுந்த முதல் கால்மணி, அரைமணி நேரம் மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் வண்டி எடுக்கக் கூடாது.

‘எனக்கு நாலு மணி நேரத் தூக்கம் பழகிவிட்டது’ என்று சொல்பவர்களை எல்லோருக்கும் தெரியும். 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரண்டு இரவு சுத்தமாகத் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களுக்கோ தாங்கள் அவ்வளவு மோசமாகிவிட்டது தெரியவில்லை. கவனம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது. தூக்கம் வருகிற உணர்வு மட்டும் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று தோன்றுவது இதனால்தான். ‘சீசன் முடியும் வரைதானே’ என்று ஏப்ரலில் தொடங்குபவர்கள் இரண்டாவது வாரத்திலேயே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

தேநீர் பற்றியும் ஒரு சொல். காஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். எட்டரைக்குத் தூங்க வேண்டியவர் கடைசித் தேநீரை மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்வது நல்லது. தேயிலை ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான்.

முதுகும் மூட்டையும்

இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து தூக்கினால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட மிக அதிகம். குடோனிலேயோ பக்கத்து அறையிலேயோ தங்கி, நாலரைக்கு எழுந்து ஐந்துக்கு மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஆபத்து இங்கேதான். முதல் அரைமணி நேரத்தை எண்ணுதல், ஸ்கேன், துடைத்தல், டிராலி தள்ளுதல் போன்ற நிமிர்ந்த வேலைகளுக்கு ஒதுக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. வயதுவந்த ஆண் ஒருவர் தூக்கும் எடைக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்த உச்சம் 55 கிலோ. காலையில் மூட்டை தூக்கியவர் மாலையிலும் லக்கேஜ் தூக்கும் வேலையையே எடுப்பது, சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், புத்திசாலித்தனம் இல்லை.

மலைப்பாதை இந்தக் கணக்கை மாற்றுகிறது

சமவெளியில் இரவு பத்து மணிக்குக் களைப்போடு பைக் ஓட்டுவதும் ஆபத்துதான். இங்கே அதன் விலை வேறு.

1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைகண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்குவதைக் காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் குடித்து ஓட்டுவதற்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். மூன்றரைக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் எப்போது முடிகிறது? இரவு 8:30. அதற்குப் பிறகு லாட்ஜிலிருந்து வண்டியில் திரும்புகிறவர் ஒரு சொட்டுக் குடிக்காமலே, குடித்தவரின் கையோடும் கண்ணோடும் ஓட்டுகிறார். ஊதச் சொல்லும் கருவி அதைக் காட்டாது.

களைத்தவருக்கு இரண்டு மூன்று விநாடி கண் திறந்தபடியே மூளை அணைந்து போவதுண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் வண்டி 25 மீட்டர் போய்விடும். குன்னூர்-மேட்டுப்பாளையம் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் அவ்வளவு இடம் கிடையாது. மூடுபனி, பர்லியாறு பக்கம் ரோட்டில் நிற்கும் யானை, தோட்டத்திலிருந்து சட்டென்று இறங்கும் காட்டெருமை எல்லாம் விநாடிகளைக் கேட்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு பயம் வேறு. 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்த மாதங்களில் மாலை வேலைக்கு மலை இறங்கிப் போய்த் திரும்பும் ஏற்பாட்டை நிறுத்தி வைப்பதே சரி.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு கொஞ்சம் கடுமையானது: காலை 5 மணி ஷிப்ட்காரருக்கு மாலையில் டாக்சி ஓட்டுவதோ பைக் டெலிவரியோ இரண்டாவது வேலையாக இருக்கக் கூடாது. அவர் உயிர் மட்டும் இல்லை, பின்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் உயிரும் அதில் இருக்கிறது. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினால் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கைவிரிக்கும் என்பது கூடுதல் காரணம். ஏற்கெனவே டெலிவரியில் இருப்பவர்கள், தமிழக அரசு இணையவழித் தொழிலாளர்களுக்காக அமைத்த தனி நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். லோடு தொழிலாளர்களுக்கு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பதிவு உதவும், களைப்பைத் தீர்க்காது.

எந்த மாலை வேலை ஒத்துவரும்

வீட்டுக்கு அருகே, உட்கார்ந்தோ லேசாக நின்றோ, ஏழரை எட்டுக்குள் முடியும் வேலை. அவ்வளவுதான் அளவுகோல். பேக்கரியில் மாலைக் கவுண்டர், மருந்துக் கடையில் சில மணி நேரம், பிள்ளைகளுக்கு டியூஷன் இவையெல்லாம் இதில் வரும். வர்க்கி அடுப்பு வேலை வராது. அது இரவையும் விடியலையும் தின்னும்.

சொந்தமாகத் தேயிலை வைத்திருப்பவருக்கு மூன்று மணிக்கு மேல் கொழுந்து பறிப்பது இயல்பாகவே பொருந்துகிறது. வெளிச்சம் போனால் வேலை தானாக முடியும். பறித்த இலையைச் சாக்கில் அழுத்தி அடைத்து வைத்தால் உள்ளே சூடேறிக் கெட்டுப்போகும் என்பதால் இலை எடுக்கும் வண்டியின் நேரத்தை விசாரித்துப் பறிக்க வேண்டும். வருமானம் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையைப் பொறுத்தது. அந்தி நேரத்தில் காட்டெருமை செடிகளுக்கு நடுவே நிற்கும், தனியாகப் போகாமல் இருப்பது நல்லது.

லாட்ஜ் வேலையை நம்புகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. வார நாட்களில் ஆள் குறைத்து, சனி ஞாயிறில் கூட்டிக் கேட்கும் லாட்ஜ் வேலை குடோன்காரரின் ஒரே ஓய்வு நாளைத்தான் குறிவைக்கும்.

முதலில் கேட்க வேண்டியது ஓ.டி.

இரண்டாவது வேலை தேடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. நாள் சம்பளம் 560 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 70. ஓவர்டைம் சட்டப்படி இரட்டிப்பு, மணிக்கு 140. கடைகள் சட்டம் வாரத்துக்கு அனுமதிக்கும் ஆறு மணி நேர ஓ.டி.க்கு 840 ரூபாய். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிகிறவர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் மாலை நாலு மணி வரை இருந்தால் போதும்.

மாலை வேலை மணிக்கு 60 ரூபாய், தினம் மூன்று மணி, ஆறு நாள்: 1,080. போக்குவரத்துக்கு நாளுக்கு 25 போனால் 930. போக வர தினம் ஒரு மணி நேரம் சேர்த்தால் 24 மணி நேரம். 930-க்கு 24 மணி நேரம், 840-க்கு 6 மணி நேரம். ஓ.டி.யை இரட்டிப்பாகக் கொடுக்காமல் சாதாரணச் சம்பளத்தில் வாங்கும் இடங்கள் நிறைய. அந்த இடங்கள்தான் தொழிலாளியை இரண்டாவது வேலைக்குத் துரத்துகின்றன.

எனவே கேட்க வேண்டிய வரிசை இது. ஷிப்ட் அட்டவணையை இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் தரச் சொல்வது. ஓ.டி. எத்தனை மணி, என்ன விகிதம் என்று சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டச் சொல்வது. அதுவரை நீங்களே ஒரு நோட்டில் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், தேதி மூன்றையும் தினமும் குறித்து வைப்பது. நிர்வாகம் மறுத்தால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது எத்தனை நாள், எத்தனை மணி என்றுதான். அந்த நோட்டையும் நியமனக் கடிதத்தின் நகலையும் கையோடு கொண்டு போங்கள்.